திங்கட்கிழமை எடுத்துவிடவும்

மூன்று வரிக் கடிதம் அது. போன வெள்ளிக்கிழமை மூத்தவள் அதில் கையெழுத்திட்டாள்.

‘செவ்வாய்க்கிழமை முழுவதும் தங்கள் சர்வரின் சேமிப்பு டிஸ்க் தடையின்றி இயங்கியது. கொள்ளளவில் நாற்பத்தொரு சதவீதம் மட்டுமே நிரம்பியிருந்தது. எங்கள் கண்காணிப்பில் பிழை எதுவும் பதிவாகவில்லை.’

வாசகம் கணவன் சொன்னது. கையெழுத்து அவளுடையது.

கடிதம் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனது. அங்கே செவ்வாய்க்கிழமை எடுத்த பதினோரு பேரின் ஸ்கேன் படங்கள் காணாமல் போயிருந்தன. டிஸ்க் நன்றாக இருந்தது என்றால் படங்களை யாரோ அழித்திருக்க வேண்டும். அழிக்கும் அதிகாரம் அந்த இடத்தில் ஒருவனுக்குத்தான் இருந்தது. சிஸ்டம் பொறுப்பாளனுக்கு. அவன் மூத்தவளின் தம்பி.

ஆறு நாளாக அவன் அவளிடம் பேசவில்லை.

இன்று வியாழக்கிழமை. மூன்று மணிக்கு அவன் மேல் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். நோயாளிகளின் படத்தை அழித்தவன் என்ற பெயருடன் போகும். அப்படிப்பட்டவனை வேறு எந்த சர்வர் அறைக்குள்ளும் விட மாட்டார்கள்.

*

“எல்லாம் பச்சைதானே?” என்றான் கணவன்.

தினமும் அவன் கேட்கும் முதல் கேள்வி. ஆபீஸ் என்பது மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறைச் சுவரில் ஒரு பெரிய ஸ்கிரீன். அதில் எழுபது சின்னப் பெட்டிகள். எங்கெங்கோ இருக்கும் வாடிக்கையாளர்களின் எழுபது டிஸ்க்குகள். அவற்றை இங்கிருந்தே கண்காணிப்பதுதான் இருவரின் தொழில். நன்றாக இருந்தால் பச்சை. நிரம்பிக்கொண்டு வந்தால் மஞ்சள். கெட்டால் சிவப்பு.

“பச்சைதான்,” என்றாள்.

“அங்க இன்னிக்குத்தானே விசாரணை?”

“மூணு மணிக்கு.”

“நம்மளைக் கூப்பிட மாட்டாங்க. எழுதிக் குடுத்தாச்சு. நீ மனசைப் போட்டு உழப்பிக்காதே.”

பையை எடுத்துக்கொண்டான். நகரத்தின் மறு கோடியில் இன்னொரு வாடிக்கையாளர். சாயங்காலம்தான் வருவான்.

வேலை செய்யும் இரண்டு பெண்களும் முதுகுக்குப் பின்னால் அவனைப் பச்சை என்றுதான் சொல்வார்கள். அவனுக்கும் தெரியும். கோபப்படவில்லை. வாடிக்கையாளர்களின் சர்வர்களுக்குள் இங்கிருந்தே நுழைந்து பழுது பார்க்கும் தன் லாகின் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டான்.

இன்று இரண்டு பெண்களுக்கும் விடுமுறை கொடுத்திருந்தாள். ஏன் கொடுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரும் தன்னைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

*

ஒன்பதரைக்குப் போன் அடித்தது. தம்பியின் மனைவி.

“அண்ணி, ஒரு சந்தேகம்.”

“சொல்லு.”

“உங்க ஸ்கிரீன்ல எல்லாமே தெரியும்பாங்களே. என் வீட்டுக்காரர் இப்போ என்ன கலர்ல இருக்கார்?”

மூத்தவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“சும்மா கேட்டேன் அண்ணி. தெரிஞ்சா எனக்கும் சௌகரியம். காலையில இருந்து ஒரே சட்டையை மூணு தடவை இஸ்திரி போட்டாச்சு. விசாரணைக்குப் போறவன் சட்டை கசங்கி இருந்தா தப்பு பண்ணவன் மாதிரி இருக்குமாம்.”

“அவன்கிட்ட போனைக் குடு.”

“வாங்க மாட்டார்.”

“ஒரு நிமிஷம்தான்னு சொல்லு.”

“சொல்லிட்டேன். கையால காட்டறார், வேண்டாம்னு.” குரல் தணிந்தது. “உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாராமே. செவ்வாக்கிழமை மெஷின் கொஞ்ச நேரம் நின்னுச்சுன்னு. நீங்க என்ன சொன்னீங்க?”

அவளுக்கு நினைவிருந்தது. “ஸ்கிரீன்ல அப்படி எதுவும் இல்லையேன்னேன்.”

“ம். பக்கத்துல நின்னவன் நின்னுச்சுங்கறான். ஆறு மணி நேரம் தள்ளி இருக்கிற கண்ணாடி நிக்கலைங்குது. நீங்க கண்ணாடி பக்கம்.”

“அப்படி இல்ல.”

“போகட்டும். நான் சண்டைக்குக் கூப்பிடல. டிஸ்க் இப்போ எவ்வளவு காட்டுதுன்னு சொல்லுங்க. யாராவது கேட்டா சொல்லணுமாம். அவர் லாகினைத்தான் நிறுத்தி வச்சுட்டாங்களே, அவரால பாக்க முடியாது.”

மூத்தவள் சுவரைப் பார்த்தாள். நான்காவது வரிசை, இடமிருந்து இரண்டாவது பெட்டி.

“நாப்பத்தொண்ணு.”

“அன்னிக்கும் அதேதானே எழுதியிருந்தீங்க?”

“ஆமா.”

“பரவால்லையே. எங்க வீட்டுச் சர்க்கரை டப்பா ஒம்போது நாள் ஒரே மட்டத்துல இருந்து நான் பாத்ததில்ல.”

மூத்தவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“அண்ணி? இருக்கீங்களா?”

“இருக்கேன். மூணு மணிக்கு முன்னாடி கூப்பிடறேன். அவனைச் சாப்பிட்டுட்டுக் கிளம்பச் சொல்லு.”

*

அந்த ஸ்கேன் சென்டரில் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு படமும் டிஸ்க்கில்தான் போய் உட்காரும். டிஸ்க் தினமும் கொஞ்சம் ஏற வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நாற்பத்தொன்று. கடிதம் எழுதிய வெள்ளிக்கிழமை நாற்பத்தொன்று. இன்று நாற்பத்தொன்று.

பெட்டியில் எண் இருந்தது, நிறம் இருந்தது. அந்த எண் எப்போது வந்தது என்பது இல்லை. அதற்கு இடமே விடவில்லை. வடிவமைத்தவள் அவள்தான்.

மேசைக்கு வந்தாள். தன் லாகினில் அந்த சர்வருக்குள் போனாள். பார்க்க மட்டும் அனுமதி உள்ள லாகின். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று நேரடியாகக் கேட்டாள். அரை நொடியில் பதில் வந்தது.

ஐம்பத்தெட்டு.

ஒரு தாளை எடுத்தாள். 41 என்று எழுதினாள். கீழே 58 என்று எழுதினாள். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டாள்.

கண்காணிப்பு நிரலை அணைத்துத் திரும்பப் போட்டால் ஸ்கிரீனிலும் ஐம்பத்தெட்டு வந்துவிடும். இந்தத் தொழிலில் பாதி வைத்தியம் அதுதான். விரல் விசை வரைக்கும் போனது. எடுத்துக்கொண்டாள். சரியாகிவிட்டால் எது கெட்டிருந்தது என்று தெரியாமல் போகும்.

அந்த சர்வரில் ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலைக் கேட்டாள். நீளமான பட்டியல். வரிவரியாக இறங்கினாள்.

அவள் அனுப்பி வைத்த நிரல் அங்கே இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ‘டிஸ்க் எப்படி இருக்கிறது’ என்று கேட்க வேண்டியது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐம்பத்திரண்டு.

ஒன்பது நாளாக ஒரே கேள்வி. ஒரு பதில் வராமல் அடுத்ததைக் கேட்கக் கூடாது என்பது அதற்கு இட்ட விதி. கேள்விகள் குவிந்து சர்வரை அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல விதிதான்.

தம்பி சொன்னது சரி. மெஷின் நின்றிருக்கிறது.

பதில் வரவில்லை என்றால் பெட்டி பச்சையாக இருக்கக் கூடாது. காலியாக இருக்க வேண்டும். அல்லது சிவப்பாக. நாற்பத்தொன்று என்ற எண்ணை யார் அங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள்?

இந்தப் பக்கத்து நிரலைத் திறந்தாள். ஆபீஸில் ஓடுவது. வருகிற பதில்களை வாங்கிச் சுவரில் காட்டுவது. எண்ணூறு வரி. எல்லாம் அவள் எழுதியது. குறிப்புகளைத் தமிழில் எழுதுவாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் நின்றாள்.

‘பதில் வராவிட்டால் கடைசியாக வந்த பதிலையே காட்டு.’

அதற்கு மேலே ஒரு குறிப்பு.

‘தற்காலிகம். திங்கட்கிழமை எடுத்துவிடவும்.’

தேதி இருந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை.

அந்தத் தேதி அவளுக்குத் தெரியும். தம்பியின் கல்யாணம்.

அன்று காலையிலிருந்து எங்கோ ஒரு இணைப்பு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பதில் வராத ஒவ்வொரு முறையும் அவள் கைப்பையிலிருந்து போன் கத்தியது. மேடையில் போட்டோவுக்கு நிற்கும்போதும் கத்தியது. “சாட்சி, அதை வாயை மூடச் சொல்லு. இல்லாட்டி அதையும் மேடையேத்தி நிக்க வை,” என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். மண்டபத்தின் சாமான் அறையில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவே, மடிக்கணினியைத் திறந்து அவள் இந்த ஒரு வரியை எழுதினாள். போன் அடங்கியது. திரும்பி வந்து போட்டோவில் நின்றாள்.

அதற்கப்புறம் இருநூறு திங்கட்கிழமைகள் போய்விட்டன.

*

சாட்சி என்பது வீட்டில் வைத்த பெயர். சின்ன வயதில் ஏதாவது உடைந்தால் அப்பா சத்தம் போட மாட்டார். “சாட்சியைக் கூப்பிடு,” என்பார். அவள் வந்து சொல்வாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் விசாரணை கிடையாது. அப்பாவுக்கு ஒரே நிபந்தனை. பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

தம்பி பெரும்பாலும் அடி வாங்கினான். ஒரு முறையும் அவளைக் குறை சொன்னதில்லை. உடைத்தது அவன்தான், அவள் பார்த்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் அவள் பார்க்காததைச் சொல்லியிருந்தாள்.

கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

“ஸ்கிரீன் தப்பா காட்டியிருக்குங்க. ஒம்போது நாளா பழைய எண்ணு. நம்ம கடிதம் செல்லாது. திரும்ப வாங்கிக்கப் போறேன்.”

அந்தப் பக்கம் சாலைச் சத்தம் கேட்டது. பிறகு கதவு மூடும் சத்தம்.

“அவசரப்படாதே,” என்றான் கணவன்.

“மூணு மணிக்கு விசாரணை.”

“தெரியும். ஒரு தடவை எழுதிக் குடுத்துட்டுத் திரும்ப வாங்கினா நாளைக்கு எழுபது பேரும் கேப்பாங்க, எனக்குக் காட்டற பச்சை பச்சைதானான்னு. யோசிச்சியா?”

“கேக்கட்டுமே. கேக்க வேண்டியதுதானே?”

“சரி, நான் வந்துடறேன். ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம். அதுவரைக்கும் அந்த சர்வர்ல எதையும் தோண்டாதே.”

“ம்,” என்றாள்.

போனை வைத்தாள். மணி பன்னிரண்டேகால்.

தோண்டாதே என்றது காதில் நின்றது. ஸ்கிரீன் தப்பு என்றுதான் அவள் சொன்னாள். தோண்ட என்ன இருக்கிறது?

*

டிஸ்க் என்று எல்லோரும் சொல்வது ஒன்றை அல்ல. அங்கே இரண்டு.

ஒன்று சர்வருக்குள்ளேயே இருக்கும் சின்ன டிஸ்க். மற்றொன்று பக்கத்து அறையில் இருக்கும் பெரிய சேமிப்புப் பெட்டி. பெட்டியைக் கேபிள் வழியாக சர்வரோடு சேர்த்திருக்கிறார்கள். சர்வரில் ‘படங்கள்’ என்று ஒரு ஃபோல்டர். அதன் மேல் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். ‘படங்கள்’ ஃபோல்டரில் போடுவதெல்லாம் பக்கத்து அறைக்குப் போய்விடும். மாட்டியது கழன்றிருந்தால் போகாது. ஆனால் ஃபோல்டர் அங்கேயே இருக்கும். பெயர் இருக்கும்.

சர்வரின் குறிப்பேட்டில் செவ்வாய்க்கிழமையைத் திறந்தாள். எது நடந்தாலும் நேரத்தோடு தானாகவே எழுதி வைக்கும் பதிவு.

பத்து ஐம்பத்திரண்டு. பெட்டி பதில் தரவில்லை. மின்சாரம் போயிருக்க வேண்டும்.

பதினொன்று ஏழு. ‘படங்கள்’ மீதிருந்து பெட்டி கழற்றப்பட்டது.

ஒன்று நாற்பது. பெட்டி மறுபடி மாட்டப்பட்டது. புதிய நெட்வொர்க் முகவரியில்.

ஆக, கேள்வி கேட்டுவிட்டு நின்ற நிரல் இன்னும் பழைய முகவரியின் வாசலில் நிற்கிறது. வீடு மாறிப் போனது அதற்குத் தெரியாது.

பதினொன்று ஏழுக்கும் ஒன்று நாற்பதுக்கும் நடுவே ஸ்கேன் நிற்கவில்லை. பெட்டியைக் கழற்றியதும், நின்றிருந்த ஸ்கேன் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது. பதினோரு பேர். அவர்கள் படங்கள் எங்கே போயின?

சின்ன டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்டாள். இருபத்து மூன்று ஜிபி என்றது.

சின்ன டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியும் கோப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூட்டச் சொன்னாள். கூட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. பத்தொன்பது.

இருபத்து மூன்று. பத்தொன்பது.

நான்கு ஜிபி டிஸ்க்கில் இருக்கிறது. கண்ணில் படவில்லை.

தாளில் இந்த எண்களையும் எழுதினாள். ஒரு ஆளின் படங்கள் ஏறக்குறைய எத்தனை ஜிபி என்று பார்த்தாள். பதினொன்றால் பெருக்கினாள். நான்குக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

அழியவில்லை. பெட்டி கழன்றிருந்தபோது சின்ன டிஸ்க்கில் விழுந்தவை, மறுபடி மாட்டிய பெட்டிக்கு அடியில் மூடிக் கிடக்கின்றன.

மேலே மாட்டிய பெட்டியைத் தாண்டி அடியில் பார்க்க ஒரு கட்டளை உண்டு. அவள் லாகினுக்கு அந்த அனுமதி இல்லை. கணவன் லாகினுக்கு உண்டு. அதன் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். ஆனால் இங்கிருந்து தொட்டால், இவர்களே கொண்டுவந்து வைத்தார்கள் என்று யாரும் சொல்லலாம். அங்கே இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.

மணி இரண்டு நாற்பது. குறிப்பேட்டை அச்செடுத்தாள். எடுக்கும்போதுதான் வலது ஓரத்தைப் பார்த்தாள். கழற்றிய வரியிலும் மாட்டிய வரியிலும் செய்தவரின் லாகின் இருந்தது. இரண்டும் ஒன்றே. ஆறு ஆங்கில எழுத்துகள்.

எழுத்துக் கூட்டினால், பச்சை.

அச்சு முடிந்து தாள் தட்டில் விழுந்தது. அவள் அதை எடுத்து நேராக மடித்தாள். பிறகு ஸ்கேன் சென்டரின் எண்ணை அழைத்தாள்.

*

இயக்குநர் அம்மா ஸ்பீக்கரில் போட்டார். அறையில் டாக்டர் இருந்தார். தம்பி இருந்தான்.

“உங்களைக் கூப்பிடலையே நாங்க. உங்க கடிதம் இருக்கு,” என்றார் இயக்குநர்.

“அந்தக் கடிதம் தப்பு மேடம். நான் திரும்ப வாங்கிக்கறேன்.”

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

“தப்புன்னா?”

“செவ்வாக்கிழமை டிஸ்க் நல்லா இருந்துச்சுன்னு எழுதினேன். அது நல்லா இருந்ததை நான் பாக்கல. என் ஸ்கிரீன் பழைய பதிலையே காட்டிட்டு இருந்துச்சு. காட்டச் சொல்லி நிரல் எழுதினது நான்தான். பத்து ஐம்பத்திரண்டுக்கு உங்க சேமிப்புப் பெட்டி நின்னுருக்கு. உங்க ஆள் அன்னிக்கே சொன்னார். நான் கேக்கல.”

“அது உங்க தம்பின்னு கேள்விப்பட்டேன்.”

“ஆமா. அதனாலதான் வாயால சொல்றதை எல்லாம் நம்ப வேண்டாம்னு சொல்றேன். பாத்துட்டு நம்புங்க. படங்கள் அழியல.”

டாக்டரின் குரல் முன்னால் வந்தது. “அழியலையா? எங்க இருக்கு? ஒரு லாரி டிரைவருக்குத் தலையில ஆபரேஷன் தள்ளிப் போட்டு வச்சிருக்கேன். அன்னிக்கு எடுத்த படம் இல்லாம கத்தியை எடுக்க மாட்டேன். அதுக்கப்புறம் எடுத்ததுல வீக்கம் வந்து மறைச்சுடுச்சு.”

“அதே சர்வர்லதான் இருக்கு டாக்டர். மேசை மேல காகிதம் கிடக்கு. அதைப் பாக்காம யாரோ மேசைவிரிப்பைப் போட்டுட்டாங்க. காகிதம் எங்கயும் போகல. விரிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பாக்கணும்.”

“தூக்குங்க.”

“என்னால முடியாது. அங்க இருக்கிற சிஸ்டம் பொறுப்பாளரால முடியும்.”

இயக்குநர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. “நல்லா இருக்கு. அழிச்சார்னு நாங்க விசாரிக்கற ஆளோட கையிலயே சாவியைக் குடுக்கச் சொல்றீங்க.”

“நீங்க பக்கத்துல நில்லுங்க மேடம். நான் சொல்ற ஒரு வரியை மட்டும் அவர் அடிக்கட்டும். அது பாக்கற கட்டளை, அழிக்கற கட்டளை இல்ல. சந்தேகம் இருந்தா அடிக்கறதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது காட்டிக் கேளுங்க. நான் லைன்ல இருக்கேன். எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்.”

அந்தப் பக்கம் யாரோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு இயக்குநர், “லாகினைத் திறந்து விடுங்க,” என்றார் யாரிடமோ.

காலடிகள். கதவு. சர்வர் அறையின் இரைச்சல். போன் எங்கோ ஒரு தகரத்தின் மேல் வைக்கப்பட்டது.

“நான் பேசறது கேக்குதா?” என்றாள்.

“கேக்குது மேடம்,” என்றான் தம்பி.

முப்பத்து நான்கு வருடத்தில் அவன் அவளை மேடம் என்றது இதுதான் முதல் தடவை. அவள் தாளைப் பார்த்துக் கட்டளையைச் சொன்னாள். எழுத்து எழுத்தாக. அவன் திரும்பச் சொன்னான். ஒரு இடத்தில் அவள் இடைவெளியைச் சொல்ல மறந்தாள்.

“நடுவுல ஒரு ஸ்பேஸ் வரணும்,” என்றான் அவன்.

“ஆமா. வரணும்.”

“அடிக்கட்டுமா மேடம்?”

இந்த மேடம் இயக்குநருக்கு. “அடிங்க,” என்றார் அவர்.

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. நின்றது.

மூத்தவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். நான்காவது வரிசை. இரண்டாவது பெட்டி. பச்சை. நாற்பத்தொன்று.

“அக்கா,” என்றான் தம்பி.

“சொல்லு,” என்றாள்.

“இருக்குக்கா. அடியில இருக்கு.”

“எண்ணு.”

எண்ணினான். வாய்விட்டே எண்ணினான், சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது எண்ணுவது போல. பத்தில் ஒரு முறை தடுமாறினான். டாக்டர் குறுக்கே புகுந்து ஒரு நோயாளி எண்ணைச் சொல்லித் தேடச் சொன்னார்.

“இதோ டாக்டர். இதான் லாரி டிரைவர். பதினொண்ணு.”

அறையில் யாரும் கை தட்டவில்லை. இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு கேள்வி பாக்கி இருக்கு. பெட்டியைக் கழட்டினது யாரு? கீழ என்ன இருக்குன்னு பாக்காம திரும்ப மாட்டினது யாரு?”

“நான் இல்ல,” என்றான் தம்பி.

“அவர் இல்ல,” என்றாள் மூத்தவள். “எங்க ஆபீஸ் லாகின். என் வீட்டுக்காரரோடது.”

தம்பி, “அக்கா…” என்றான் மெதுவாக.

“லாகின் அவரோடது மேடம். கை யாரோடதுன்னு நான் பாக்கல. பாத்ததை மட்டும்தான் சொல்றேன். மிச்சத்தைக் கேட்டுட்டு நாளைக்கு எழுத்துல தர்றேன். நானே கையெழுத்துப் போடறேன்.”

*

நான்கு மணிக்குத் தம்பியின் மனைவியிடமிருந்து செய்தி வந்தது. ‘சட்டை கசங்கிடுச்சு அண்ணி. பரவாயில்லைங்கறார்.’

அவள் இரண்டு முறை படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். இன்னும் வேலை இருந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரியைத் திறந்தாள். குறிப்பை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். பிறகு வரியை எடுத்தாள். அந்த இடத்தில் வேறொன்று எழுதினாள். பதில் வராவிட்டால் பெட்டி சாம்பல் நிறம். எண் இருக்கக் கூடாது. ‘பதில் இல்லை’ என்று இருக்க வேண்டும். கீழே சின்ன எழுத்தில், கடைசியாகப் பதில் வந்த நேரம்.

சேமித்தாள். சுவரைப் பார்த்தாள்.

நான்காவது வரிசையில் இரண்டாவது பெட்டி சாம்பலானது. எதிர்பார்த்ததுதான்.

முதல் வரிசையில் ஒன்று சாம்பலானது. ஆறாவதில் ஒன்று. கடைசி வரிசையில் ஒன்று. அந்தக் கடைசிப் பெட்டியின் கீழே இருந்த நேரத்தை எழுந்துபோய் கிட்டத்தில் நின்று படித்தாள். ஏழு மாதத்துக்கு முந்தையது.

நான்கு டிஸ்க்குகள். ஸ்கேன் சென்டருக்குச் சொல்லியாகிவிட்டது. மற்ற மூன்று இடங்களுக்கும் இன்றே போன் செய்ய வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் எண்ணைத் தேடினாள்.

இரண்டு பேரிடம் பேசி முடித்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“எல்லாம் பச்சை…” என்றபடி கணவன் உள்ளே வந்தான். சுவரைப் பார்த்தான். வாக்கியத்தை முடிக்கவில்லை.

“என்ன இது?”

“பதில் வராததெல்லாம் அப்படித்தான் இருக்கும். இனிமே.”

பையை இறக்கி வைத்தான். அவள் மடித்த தாளை விரித்து அவன் பக்கம் மேசையில் நகர்த்தினாள். பதினொன்று ஏழு. ஒன்று நாற்பது. இரண்டு வரிகளுக்கும் அடியில் அவள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

அவன் படித்தான். படித்து முடித்த பிறகும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“படம் கிடைச்சிடுச்சு,” என்றாள். “பதினொண்ணும் கிடைச்சிடுச்சு. அவன் மேல ஒண்ணும் இல்ல.”

“நல்லதாப் போச்சு,” என்றான்.

“தோண்டாதேன்னு சொன்னீங்க. அப்போ அடியில இருக்குன்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கீழே மருந்துக்கடையில் யாரோ மாத்திரையின் பெயரைக் கத்திச் சொன்னார்கள். கணவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“உனக்குத்தான் தெரியுமே, எனக்கு இருக்கிற ஆயிரம் வேலைல…”

“அது பழைய பதில்,” என்றாள் மூத்தவள்.

நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் உட்கார்ந்தான். அவள் நின்றுகொண்டே காத்திருந்தாள்.